மண் தரையில் பழகிய காலை சிந்தெடிக்குக்கு எப்படிப் பழக்குவது?

டேப்பில் 29 மீட்டர் 40 செ.மீ. எங்கள் பள்ளி மண் மைதானத்தில் நீளம் தாண்டும் ஒரு மாணவிக்கு மூன்று மாதம் அளந்து அளந்து நான் பிடித்த ரன்அப் அது, அதாவது தாவுவதற்குக் கால் ஊன்றும் பலகை வரை ஓடிவரும் தூரம். கால் எடுத்து வைக்கும் கணக்கில் பதினேழு அடி. பத்து தடவை ஓடினால் எட்டு தடவை கால் பலகையிலேயே விழும். அவள் நோட்டிலும் எழுதினேன், என் டைரியிலும் எழுதினேன். வெளியூருக்குப் போட்டிக்குப் போனோம். அங்கே சிந்தெடிக் டிராக், ரப்பர் மாதிரியான செயற்கைத் தளம். அதே 29.40-ஐ டேப் பிடித்து வைத்து, "பலகையைப் பார்க்காதே, தானா வரும், ஓடு" என்று அனுப்பினேன்.

முதல் தாவல் ஃபவுல். பலகையைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது கால். இரண்டாவது தடவை பலகை சீக்கிரமே வந்துவிடுவதைப் பார்த்துப் பயந்து, கடைசி மூன்று அடியைக் குட்டை குட்டையாக வைத்தாள். வேகம் செத்துப்போனது, அப்படியும் ஃபவுல். மூன்றாவதில் பத்திரமாக, பலகைக்கு இரண்டு சாண் முன்னாலேயே எழும்பிவிட்டாள். 4.71. ஊரில் 5.20 சாதாரணமாகத் தாண்டுகிற பிள்ளை. திரும்பி வந்தவள் அழவில்லை. "தரையே என்னைத் தள்ளி விடுது சார்" என்றாள்.

தப்பு முழுக்க என்னுடையது. அந்த ஒரு வாக்கியத்தில் அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. கோவில்பட்டி பக்கத்துக் கிராமப் பள்ளியில் 29 வருடமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மண்ணில் பழகிவிட்டு சிந்தெடிக்கில் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களை அழைத்துப் போகிற பி.டி. சார்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

தரை என்ன கொடுக்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். சிந்தெடிக் என்றால் ஸ்பிரிங் மாதிரி மேலே தூக்கிப் போடும் என்று பல பேர் நினைக்கிறார்கள். நீளம் தாண்டுபவர் எங்கிருந்து எழும்புகிறார் என்று யோசித்துப் பாருங்கள். பலகையிலிருந்து. 1.22 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம். மரம், அல்லது அதைப் போல விறைப்பான வேறு பொருள். ஒலிம்பிக்கிலும் அதுதான், எங்கள் பள்ளியிலும் அதுதான். கடைசி உதை தரையில் விழுவதே இல்லை. தரை கொடுப்பதெல்லாம் அந்த உதைக்கு முன்னால்: எவ்வளவு வேகத்தில் பலகைக்கு வருகிறீர்கள், எவ்வளவு ஒரே சீராக வருகிறீர்கள் என்ற இரண்டும்தான்.

அந்த இரண்டுமே இந்த விளையாட்டில் பெரிய சொத்து. உலகத்தரத்து ஆண்கள் பெரும்பாலும் நொடிக்கு 10 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பலகைக்கு வருகிறார்கள். பலகையில் கால் இருப்பது நொடியில் பத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் புதிதாக வேகம் சேர்க்க முடியாது. கொண்டுவந்த வேகத்தைக் கொஞ்சம் மேலே திருப்பத்தான் முடியும். அதனால் ஓட்டத்தில் தரை எதைத் தின்றுவிடுகிறதோ, அது தாண்டுகிற தூரத்தில் அப்படியே குறையும்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிண்டர் தரையில் நடந்த கடைசி ஒலிம்பிக் அது. சிண்டர் என்றால் எரிந்த கரியின் சாம்பல் துகளை மண்ணோடு கலந்து உருளை ஓட்டி இறுக்கிய தரை. நீளம் தாண்டுதல் இறுதிப் போட்டி அன்று மழை, குளிர், போதாததற்கு எதிர்காற்று. ரன்அப் பாதை ஊறிப்போயிருந்தது. அப்போது 8.30 மீட்டருக்கு மேல் தாண்டியிருந்தவர்கள் அமெரிக்காவின் ரால்ஃப் பாஸ்டனும் சோவியத்தின் இகோர் டெர்-ஒவனேசியனும். தங்கம் வாங்கியது வேல்ஸ்காரர் லின் டேவிஸ், 8.07 மீட்டரில். பாஸ்டன் 8.03, டெர்-ஒவனேசியன் 7.99. மழைக்கும் சேற்றுக்கும் வேல்ஸில் பழகிய கால் அவருடையது. அரங்கத்து உச்சியில் இருந்த கொடி தொங்குவதைப் பார்த்துக் காற்று அடங்குகிறது என்று தெரிந்துகொண்டு ஓடினார். உலகத்தின் மிகச் சிறந்த இருவரிடமிருந்து அன்றைய ஈரத் தரையும் காற்றும் முப்பது செ.மீ.க்கு மேல் பிடுங்கிக்கொண்டன. போட்டி நடக்கும் இடத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஜெயித்தார். என் பிள்ளைகளுக்கு நான் அதிகம் சொல்லும் கதை இதுதான்.

நான்கே வருடம் கழித்து, 1968 மெக்சிகோ சிட்டி. ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செயற்கைத் தளம், டார்ட்டன் என்று பெயர். முதலில் குதிரைப் பந்தயத்துக்காகப் போடப்பட்ட பாலியூரித்தேன் தளம் அது. அக்டோபர் 18 அன்று அமெரிக்காவின் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். அதுவரை உலக சாதனை 8.35. ஒரே தாவலில் 55 செ.மீ. அளப்பதற்குப் பொருத்தியிருந்த கருவி அவ்வளவு தூரம் போகாமல், கடைசியில் டேப் வைத்து அளந்தார்கள்.

இதைச் சொன்னதும் "எல்லாம் டிராக் செய்த வேலை" என்பார்கள். அப்படியா? அதே நாள், அதே தரை, அதே 2,240 மீட்டர் உயரத்து லேசான காற்று. வெள்ளி வாங்கிய கிழக்கு ஜெர்மனியின் கிளாவுஸ் பேயர் 8.19. பாஸ்டன் 8.16. டெர்-ஒவனேசியன் 8.12. பாஸ்டனும் டெர்-ஒவனேசியனும் இதைவிட அதிகமாக சிண்டர் காலத்திலேயே தாண்டியிருக்கிறார்கள். தரை எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. பீமனுக்கு அன்றைக்கு எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தது: பின்காற்று அனுமதிக்கப்பட்ட எல்லையான நொடிக்கு 2.0 மீட்டரில் சரியாக நின்றது, முழு வேகத்தில் வந்தும் கால் பலகையில் விழுந்தது. அதற்கு முந்தின நாள் தகுதிச் சுற்றில் அவர் இரண்டு ஃபவுல் போட்டு, மூன்றாவதில்தான் தப்பித்தார். வேகம் அதிகமான ஆளுக்குப் பலகை எவ்வளவு சீக்கிரம் கைநழுவும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அப்புறம் வாழ்நாளில் 8.22-க்கு மேல் அவர் தாண்டவில்லை, செயற்கைத் தளங்கள் பரவத் தொடங்கிய பிறகும்.

இன்னொரு பக்கம் அமெரிக்காவின் ஜெஸ்ஸி ஓவன்ஸ். செயற்கைத் தளம் என்ற ஒன்றே இல்லாத 1935-இல், மிச்சிகனின் ஆன் ஆர்பரில் 8.13 தாண்டினார். அது 25 வருடம் உலக சாதனையாக நின்றது. ஓட்டப் போட்டிக்குக் கையில் கரண்டி எடுத்துக்கொண்டு போய், தரையில் குழி பறித்து அதில் கால் வைத்துப் புறப்பட்ட காலம் அது. நல்ல தரை இல்லை என்று சொல்லி நம் பிள்ளைகளைச் சோம்பேறியாக்க வேண்டாம் என்பதற்கு நான் அவரை இழுப்பேன்.

இப்போதைய உலக சாதனைகளைப் பாருங்கள்: ஆண்களில் மைக் பாவலின் 8.95 டோக்கியோவில் 1991-இல் வந்தது. பெண்களில் கலினா சிஸ்டியகோவாவின் 7.52 லெனின்கிராடில் 1988-இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த தளங்கள் இன்னும் நேர்த்தியானவை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஆண், பெண் இரண்டு உலக சாதனையும் விழுந்தன. அதே அரங்கத்தில் நீளம் தாண்டுதலில் தங்கம் 8.41-க்கு. தரை மட்டுமே தூரத்தைக் கொடுக்கும் என்றால் இப்படி ஆகியிருக்காது. தரைக்கு இவ்வளவுதான் நெகிழ்வு இருக்கலாம் என்று விதியும் இருக்கிறது: கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் அதிர்ச்சியை 35-லிருந்து 50 சதவீதம் வரைதான் குறைக்கலாம். அதற்கு மேல் மெத்தையாகவும் கூடாது, அதற்குக் கீழே கல்லாகவும் கூடாது.

ரன்அப்பைப் புதிதாக அளப்பது

சரி, வேலைக்கு வருவோம். மண்ணில் ஒவ்வொரு உதைக்கும் கால் கொஞ்சம் புதைகிறது, கொஞ்சம் பின்னால் வழுக்குகிறது. சிந்தெடிக்கில் அந்த இழப்பு இல்லை. ஒரு அடிக்கு நான்கு செ.மீ. கூடினாலே பதினேழு அடிக்கு 68 செ.மீ. என் மாணவி பலகையைத் தாண்டி மிதித்ததற்கு இதுதான் காரணம். குட்டை அடி வைத்து அவள் சமாளிக்கப் பார்த்ததால்தான் ஒரு சாணோடு நின்றது.

அதனால் மண்ணில் எடுத்த அளவை சிந்தெடிக்குக்குக் கொண்டு போகாதீர்கள். அடி எண்ணிக்கையை மட்டும் கொண்டு போங்கள். பதினேழு அடி என்றால் அங்கேயும் பதினேழு. தூரத்தை அங்கே போய்க் கண்டுபிடியுங்கள்.

போட்டிக்கு முந்தின நாள் மாலையே போய்விட முடிந்தால் நல்லது. குழிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காது, கவலை வேண்டாம். ஓட்டப் பாதையின் நேர்ப்பகுதி போதும், அதே தளம்தான். ஒரு கோட்டில் நிறுத்தி, குழி, பலகை எதையும் மனதில் வைக்காமல் முழு ரன்அப் ஓடச் சொல்லுங்கள். ஒற்றைப்படை அடி என்றால் எடுத்து வைக்கும் முதல் அடியும் தாவுகிற காலாகவே இருக்கும், மறக்க வேண்டாம். பதினேழாவது அடி எங்கே விழுகிறது என்று நீங்கள் பக்கவாட்டில் குனிந்து பார்த்து, அந்த இடத்துக்கு நேராக ஓரத்தில் ஒரு ஒட்டுத் துண்டு போடுங்கள். ஆறு தடவை, நடுவில் நன்றாக இளைப்பாற விட்டு. ஆறில் ரொம்பத் தள்ளி விழுந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற ஐந்தின் சராசரியை எடுங்கள். அதுதான் புது ரன்அப். என் மாணவிக்கு அது 30.10 வந்தது. மண்ணைவிட 70 செ.மீ. பின்னால்.

பள்ளி மைதானத்தில் இதே வேலைக்கு நான் கோலமாவு பயன்படுத்துவேன். பதினேழாவது அடி விழும் பகுதியில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு மெல்லிசாகத் தூவி விட்டால் பாதம் அப்படியே பதியும். குதிகால் முதலில் விழுகிறதா, முழுப் பாதமா என்பதுகூடத் தெரியும். சிந்தெடிக்கில் அதைச் செய்யக் கூடாது. போட்டியில் ரன்அப் பாதையின் ஓரத்தில் இரண்டு அடையாளம் வரை வைத்துக்கொள்ளலாம், ஒட்டுத் துண்டு ஒட்டலாம். சாக்பீஸ், பொடி, அழியாத அடையாளம் எதற்கும் அனுமதி கிடையாது. பாதைக்கு உள்ளேயும் எதையும் வைக்க முடியாது. நம் பிள்ளைகள் கல்லையும் செருப்பையும் வைத்துப் பழகியிருப்பார்கள். போன இடத்தில் அதிகாரி வந்து எடுக்கச் சொன்னால் பதறிப்போவார்கள். ஊரிலேயே ஒட்டுத் துண்டுக்குப் பழக்கிவிடுங்கள்.

இரண்டு அடையாளத்தில் ஒன்று புறப்படும் இடம். இன்னொன்றைப் பலகையிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆறாவது அடி விழும் இடத்துக்கு நேராக வையுங்கள். அது ஓடுகிறவருக்கு இல்லை, பயிற்சியாளருக்கு. கண் இருக்கிறதே, அது கடைசி நான்கைந்து அடிகளில் தானாகவே காலைத் திருத்தும். அதனால் பலகையில் கால் விழுந்ததை மட்டும் பார்த்தால் நமக்கு உண்மை தெரியாது. குட்டை அடி வைத்துச் சமாளித்தும் பலகையில் விழுந்திருக்கலாம். ஆறாவது அடி அடையாளத்துக்கு முன்னால் விழுகிறதா, தாண்டி விழுகிறதா என்று பார்த்தால்தான் ரன்அப் கூடவா குறையவா என்று சொல்ல முடியும். தாண்டி விழுந்தால் புறப்படும் இடத்தை அதே அளவு பின்னால் தள்ளுங்கள். எதிர்காற்று வலுத்தால் ஒரு பாதம் முன்னால், பின்காற்று வந்தால் ஒரு பாதம் பின்னால். இரண்டு மூன்று பாதம் என்று தாவாதீர்கள்.

காலில் இன்னொன்று மாற வேண்டும். மண்ணில் பழகிய பிள்ளை கடைசிக்கு முந்தின அடியில் ரொம்பக் குனிந்து, தரையைப் பறிக்கிற மாதிரி ஊன்றும். புதைகிற தரையில் அப்படிச் செய்தால்தான் எழும்ப முடியும் என்று உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. சிந்தெடிக்கில் அதே ஊன்றல் பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும். அங்கே நான் ஒன்றே ஒன்று சொல்வேன்: "சூடான கல்லை மிதிச்ச மாதிரி வை." இதற்கு முழு ஓட்டம் வேண்டாம். ஏழு அடி, ஒன்பது அடி ரன்அப்பில் பத்துத் தாவல் போதும்.

ஷூவும் எலும்பும்

சிந்தெடிக்கில் ஸ்பைக்ஸ் ஆணி 9 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. மண் தரைக்கு நீள ஆணி போட்டு வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே கழற்றி மாற்றிவிடுங்கள். அங்கே போய் ஆணி துருப்பிடித்துச் சுழலாமல் நின்றால் போட்டி போயிற்று. வெறுங்காலில் தாண்டிய பிள்ளைக்குப் போட்டி அன்றைக்குப் புது ஸ்பைக்ஸ் மாட்டுவதைப் போல ஒரு கொடுமை கிடையாது. இரவல் ஷூவாக இருந்தாலும் மூன்று வாரம் முன்னால் வாங்கி ஓட விடுங்கள். அதைப் போட்டு அளந்த ரன்அப்தான் ரன்அப்.

மண் மைதானத்துப் பிள்ளைகளை சிந்தெடிக் முகாமுக்கு அனுப்பினால் முதல் வாரத்தில் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே முன் எலும்பு வலிக்கும். ஆர்வத்தில் காலையும் மாலையும் ஓடுவார்கள். முதல் வாரம் பாதி வேலைதான், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மற்ற நாளில் புல்லிலோ மண்ணிலோ ஓடட்டும். வலி ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி நின்றால் ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். மதிய வெயிலில் நம் ஊர் சிந்தெடிக் தரை கொதிக்கும். முறை வரும் வரை பிள்ளைகளை அதில் உட்கார வைக்காதீர்கள்.

பள்ளி மண்ணையே நன்றாக வைத்துக்கொள்வது

வருடத்தில் 360 நாள் நமக்குக் கிடைப்பது மண்தான். எங்கள் பக்கம் கரிசல். வெயிலில் விரல் நுழைகிற மாதிரி வெடிக்கும், மழையில் ஷூவுக்கு அடியில் இரண்டு கிலோ ஒட்டிக்கொள்ளும். இதன் மேல் ரன்அப் போட்டால் ஒரு நாள் அளவு மறுநாள் உதவாது. நாங்கள் செய்தது இது: 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு முழ ஆழம் கரிசலை வெட்டி எடுத்தோம். அடியில் உடைகல், அதற்கு மேல் சரளை, மேலே சல்லடையில் சலித்த செம்மண். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு டிராக்டர் மண் கொடுத்தார். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து, கல் உருளை ஓட்டினோம். நடுவில் லேசாக மேடு வைத்தால் மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடிவிடும்.

அதற்கு அப்புறம் பராமரிப்புதான் எல்லாம். பயிற்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் தெளிக்க வேண்டும், காலையில் தெளிக்கக் கூடாது. காலையில் கட்டை விரலை அழுத்திப் பாருங்கள்: நகம் மட்டும் பதிய வேண்டும். விரல் உள்ளே போனால் இன்றைக்குக் குட்டை ரன்அப் பயிற்சி மட்டும். தூசி பறந்தால் இன்னும் தண்ணீர் தேவை.

பலகையைச் சுற்றி ஒரு கண் இருக்கட்டும். எல்லாரும் கடைசிக்கு முந்தின அடியை வைக்கும் இடத்தில், பலகையிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால், கொஞ்ச நாளில் ஒரு பள்ளம் விழும். பலகையின் ஓரத்தில் மண் அரித்து, பலகை மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இந்த இரண்டும் ஆபத்து; கணுக்கால் மடங்குவது இங்கேதான். தினமும் ஒரு பிள்ளை மண் வெட்டியோடு அரை மணி முன்னால் வந்து அதை நிரப்பித் தட்ட வேண்டும். எங்கள் பள்ளியில் அது முறை வைத்து நடக்கிறது.

எண்ணைப் பார்க்கும்போது

1974-இல் டெஹ்ரான் ஆசியப் போட்டியில் கேரளத்து டி.சி. யோகன்னான் 8.07 தாண்டினார். பத்து வருடம் முன்னால் டோக்கியோ மழையில் லின் டேவிஸ் தாண்டிய அதே 8.07. எண் ஒன்று, தரை வேறு, வானிலை வேறு. யோகன்னானின் இந்திய சாதனை 2004 வரை, முப்பது வருடம், நின்றது. 2023 மார்ச்சில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து முதலூர்க்காரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் கர்நாடகத்தின் விஜயநகரில் 8.42 தாண்டினார். இந்த 35 செ.மீ.யில் தரைக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பேச எனக்கு விருப்பமில்லை. என் அனுபவத்தில் நல்ல தரையின் பெரிய உதவி ஒன்று: வருடம் முழுக்க ஒரே ரன்அப்பை ஆயிரம் தடவை ஓடிப் பார்க்க முடிகிறது. மழை வந்தால் மூன்று நாள், வெடிப்பு விட்டால் ஒரு மாதம் என்று நம் பிள்ளைகள் இழப்பது அதைத்தான்.

அதனால் பிள்ளையின் நோட்டில் தூரத்தை மட்டும் எழுதாதீர்கள். தரை, ஈரம், காற்று, ஷூ, ரன்அப், ஆறாவது அடி எங்கே விழுந்தது, பலகையில் எவ்வளவு மிச்சம் விட்டாள் எல்லாம் எழுதுங்கள். மண்ணில் பலகையைத் தொடாமலே 5.05 தாண்டிய பிள்ளை, சிந்தெடிக்கில் பலகையை ஒட்டி 5.15 தாண்டிய பிள்ளையைவிடப் பலசாலியாக இருக்கலாம். அணிக்கு ஆள் எடுக்கும்போது இது எத்தனையோ தடவை எனக்கு உதவியிருக்கிறது.

அந்த மாணவி இரண்டு வருடம் கழித்து அதே மைதானத்துக்கு வந்தாள். முந்தின நாள் மாலை ஆறு ஓட்டம், காலையில் இரண்டு. என் டைரியில் அன்றைய பக்கம் இப்படி இருக்கிறது: "சிந்தெடிக். காய்ந்த தரை. லேசான எதிர்காற்று, ஒரு பாதம் முன்னால். 29.85. ஸ்பைக்ஸ். ஆறாவது அடி அடையாளத்தின் மேல். பலகையில் நான்கு விரல் மிச்சம். 5.34."

அதற்குக் கீழே அவளே எழுதியது: "நாளைக்கு நான்கு விரலையும் எடுத்துக்கலாம் சார்."